எட்டு ஞாயிறுகளும் ஒரே சனிக்கிழமையும்

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்பியபோது பாப்பாவின் முதுகுப்பையில் ஏழு சட்டைகள், மூன்று ஸ்வெட்டர்கள், நான்கு துப்பட்டாக்கள், இரண்டு ஜோடிக் கம்மல், ஒரு சீப்பு, ஒரு குடை இருந்தன. எட்டாவது சட்டை உடம்பில் இருந்தது. பார்த்தவர்கள் யாரோ ஒரு பெண் வீட்டை விட்டு ஓடிப்போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க. எட்டு வாரம் சுற்ற வேண்டிய ஊரை ஒரே பகலில் சுற்றி முடித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று எண்ணிவிட வேண்டாம். வயது இருபத்துமூன்று, மூக்கில் கண்ணாடி, கடல் கடந்து வந்து மேல்படிப்பு. பிறந்தபோது வீட்டில் கூப்பிட ஆரம்பித்த பெயரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கூட வந்த அறைத்தோழிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அறையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகும் மாடிப்படியிலிருந்து திரும்பிப் போய் நாலாவது தடவை இழுத்துப் பார்ப்பாள். அதனால் அவள் பூட்டு. தமிழ் பேசுகிற பெண் என்பதால் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாப்பாவோடு சேர்ந்துகொண்டவள்.

இந்தக் கூத்து எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பாப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பெரிய மாமாவுக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. சிமெண்ட் வியாபாரி. நல்ல மனிதர்தான், ஆனால் உலகம் தன் கடை வாசலோடு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர். அத்தனை பேரும் கூடியிருந்த கூடத்தில் வைத்து, தனியாகப் போகிற பெண் அங்கே மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டுதான் இருப்பாள் என்று அடித்துச் சொன்னார். அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா அன்றைக்கு எழுந்து நின்றாள். "எம்பொண்ணு அழமாட்டா அண்ணே. அழுதான்னு தெரிஞ்சா மறுநாளே கூட்டிட்டு வந்துடறேன். வாராவாரம் படம் அனுப்பச் சொல்றேன், நீங்களே பார்த்துக்குங்க." வாதம் அத்தோடு முடிந்தது. பாப்பா விமானம் ஏறினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் போக வேண்டும். அங்கே சாயங்காலம் மாமா வீட்டில் காப்பியோடு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் சில மாதங்கள் கல்லூரி வாசல், அறை ஜன்னல், பஸ் நிறுத்தம் என்று பாப்பா கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அனுப்பினாள். கடைசியில் மாமா வாயைத் திறந்தார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரே சுவராக இருக்கிறதே, பெண்ணை வெளியே விடுவதில்லையா, இல்லை இவளுக்கே போகப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். அம்மா சும்மா இருப்பாளா? தேர்வு முடிந்துவிட்டது, இனிமேல் பாருங்கள், வாரம் ஒரு இடம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதே வாரம் தேர்வு முடிவு வந்தது. புள்ளியியல் தாளில் பாப்பா ஒன்பது மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடத்துக்குக் கீழே இறங்காத பெண். பாடம் எடுப்பவர் வேகமாகப் பேசுவார். வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது இவளும் சிரித்துவைப்பாள், எதற்கென்று தெரியாது. கை தூக்கிக் கேட்கவும் வெட்கம். அந்த வெட்கம்தான் ஒன்பது மதிப்பெண்ணாக வந்து நின்றது. எட்டு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் படிப்பு முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்து விடுமுறைக்குப் பூட்டு ஊருக்குப் போயிருந்தாள். பாப்பா நான்கு நாள் அறைக்குள்ளேயே கிடந்து அழுதாள். தினமும் அம்மா கூப்பிடும் நேரத்துக்குக் கால்மணி முன்னால் எழுந்து முகம் கழுவிக்கொண்டு சிரித்த குரலில் பேசினாள். ஐந்தாம் நாள் பூட்டு திரும்பி வந்து, ஜன்னலைத் திறந்து, இவளைக் குளிக்க அனுப்பினாள். குளித்துவிட்டு வந்தபோது பாப்பாவின் தலையில் திட்டம் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் நூலகத்துக்கு. படத்துக்கு மட்டும் ஒரே ஒரு சனிக்கிழமை.

ஸ்டூடியோக்காரர் மகளா கொக்கா? அவளுடைய அப்பா முப்பது வருஷமாகக் கடைத்தெரு மாடியில் ஸ்டூடியோ நடத்துகிறவர். அம்மா அதே ஸ்டூடியோவில் முன்மேஜையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை எட்டு எட்டாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறவள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் ஆணியில் தொங்கும் அந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டுதான் படத்தில் கனவான்கள் ஆனார்கள். துணியை மாற்றினால் ஆளே மாறிவிடுவதை மூன்று வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவளுக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தயாரிப்பது ஒரு வேலையா?

பழைய பாலத்தில் பச்சைச் சட்டை, பின்னிய தலை. கோட்டை வாசலில் மஞ்சள், விரித்த தலை. பிறகு பூங்கா, மணிக்கூண்டு, சந்தை, அருங்காட்சியகம், ஏரி என்று நாள் முழுக்கப் பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும்தான். மணிக்கூண்டில் முள் தெரியாத பக்கமாகப் போய் நின்றாள். பூங்காவில் நிழலின் நீளம் பார்த்து நின்றாள். ஏரிக்கரையில் லேசாகத் தூறியதும் குடையை விரித்து அதையும் ஒரு வாரமாக்கிக்கொண்டாள். துணி மாற்றியது பொதுக் கழிப்பறைகளில். அருங்காட்சியகத்துக் கழிப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், நீலத்தில் உள்ளே போன பெண் சிவப்பில் வெளியே வருவதைப் பார்த்துத் துடைப்பத்தை நிறுத்திவிட்டாள். அருங்காட்சியகத்தில் அவர்கள் பார்த்தது அந்தக் கழிப்பறையும் வாசல் தூணும் மட்டும்தான்.

"உள்ள ஏதோ பெரிய எலும்புக்கூடு இருக்காம்டி. வந்ததுக்கு ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாமே," என்று பூட்டு கெஞ்சிப் பார்த்தாள். பாப்பா கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் குன்று பாக்கி இருந்தது. குன்றின் உச்சியில் எட்டாவது படத்துக்கு நின்றபோது மணி ஆறு. மத்தியானம் நின்றுகொண்டே தின்ற ரொட்டியைத் தவிர இருவர் வயிற்றிலும் ஒன்றுமில்லை. கீழே ஊர் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டிருந்தது. பாப்பா அதற்கு முதுகைக் காட்டி நின்று, சிரித்து, படம் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு இறங்கினாள்.

எட்டையும் எடுத்த வரிசையில் அனுப்பினால் மாட்டிக்கொள்வோம் என்று சீட்டுக் கட்டைப் போலக் கலைத்துப்போட்டு வாரத்துக்கு ஒன்றாக அனுப்பினாள். அங்கே ஒரே ஆனந்தம். மாமாவே மெச்சினார். இதில் பாப்பா எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கோட்டையில் எத்தனை படி, ஏரியில் காற்று எப்படி, சந்தையில் என்ன வாசனை? அம்மா எங்கேயும் போனவள் இல்லை. ஸ்டூடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற தெருவைத்தான் இருபத்தைந்து வருஷமாக நடந்துகொண்டிருக்கிறாள். அவள் கேட்கக் கேட்க பாப்பா அளந்துவிட்டாள். கோட்டைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. ஏரியில் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய காற்று. அம்மா ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து மாமா வீட்டில் ஒப்பித்தாள். ஃபோனை வைத்த பிறகு பாப்பாவுக்குக் கொஞ்ச நேரம் எந்தக் கணக்கும் ஓடாது. அப்புறம் தலையை உதறிக்கொண்டு புத்தகத்தைப் பிரிப்பாள்.

ஆனால் படிப்பில் ஏமாற்றவில்லை. ஞாயிறு காலை நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்கும் முதல் ஆள் அவள்தான். வெட்கத்தை விட்டு ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டி, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கவும் கற்றுக்கொண்டாள். பாவம், அவரும் நல்லவர். தான் வேகமாகப் பேசுவதாக இதுவரை யாரும் சொன்னதில்லையே என்றார்.

ஏழு படங்கள் போய்விட்டன. திங்கட்கிழமை மறுதேர்வு. அதற்கு முந்தின வியாழன் மத்தியானம் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து பாப்பா ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். அப்பா தானாக ஃபோன் செய்கிறவரே இல்லை. அம்மா பேசி முடித்துக் கையில் கொடுத்தால், சாப்பிட்டியா, சரி, வச்சிடறேன் என்று மூன்றே வார்த்தையில் முடிப்பவர்.

அன்றும் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பித்தார். பெரிய மாமா ஏழு படங்களையும் பெரிதாகப் போட்டு, ஒரே சட்டத்தில் அடைத்துக் கடையில் மாட்டக் கேட்கிறாராம். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் பார்க்க வேண்டுமாம். அதற்காக ஏழையும் மேஜைமேல் பரப்பி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தாமல் கேட்டார்.

"பாப்பா, பாலம் முதல்ல எடுத்தது. அடுத்தது கோட்டை. குன்று கடைசி. ஏழும் ஒரே நாள். சரியா?"

மறுத்துப் பேசுகிற தைரியம் வரவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"துணி, தலை எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கே. வெளிச்சம்கூட பார்த்துதான் நின்னிருக்கே. முகத்தை என்ன பண்ணுவே? கல்யாணப் பொண்ணு காலையில சிரிச்சா கண்ணும் சேர்ந்து சிரிக்கும். சாயங்காலம் வாய் மட்டும்தான் சிரிக்கும். படமெல்லாம் கலைஞ்சு போச்சுன்னா அந்தக் கண்ணை வச்சுத்தான் நான் ஆல்பத்தையே அடுக்குவேன்."

மூன்றாவது வாரமே தெரியும் என்றார். குன்றுப் படம் போனது அந்த வாரம்தான். மகள் தானாகச் சொல்வாள் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேதான் இருக்கிறாய் என்று அவர் கேட்டதும் பாப்பா ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். தவறிய தாள், ஒன்பது மதிப்பெண், நூலகம், திங்கட்கிழமை எல்லாவற்றையும். மறுமுனையில் அப்பா படங்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"பொய் சின்ன சைஸ்ல இருந்தவரைக்கும் சரின்னு விட்டுட்டேன். அதைப் பெருசா போட எனக்குக் கை வரலைடா. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்லமாட்டேன்."

அன்று மாலை அறையில் இருவர் ஆலோசனைக் குழு கூடியது. பூட்டின் கட்சி, திங்கட்கிழமை வரை மூச்சு விடக்கூடாது என்பது. தேறிவிட்டால் அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாருக்கும் வலிக்காது. தேறாவிட்டால் என்று பாப்பா கேட்டாள். பூட்டு எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். பாப்பாவுக்குப் படிப்பு போய்விடும் என்பதைவிட இன்னொன்றுதான் பெரிய பயமாக இருந்தது. அண்ணன் முன்னால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுந்து நின்றவள் அம்மா. அவளை மறுபடியும் உட்கார வைக்கப்போவது பெற்ற மகள். வெள்ளி முழுக்க நான்கு தடவை ஃபோனை எடுத்து நான்கு தடவை கீழே வைத்தாள்.

சனிக்கிழமை காலை கூப்பிட்டாள். அம்மா ஸ்டூடியோவில் இருந்தாள். கத்தரி கறுக் கறுக்கென்று படம் வெட்டும் சத்தம் கேட்டது. பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்த நான்கு வரியை பாப்பா மளமளவென்று வாசித்தாள். இரண்டாவது வரியில் கத்தரிச் சத்தம் நின்றது.

"அப்ப அந்தக் கோட்டையில இருநூத்திப் பன்னண்டு படி?" என்றாள் அம்மா.

"ஏறலம்மா. கீழ நின்னு எடுத்தது."

"ஏரிக் காத்து?"

"அன்னிக்குக் காத்தே இல்லம்மா. மழைதான்."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. ஏழு வாரமாக ஊரெல்லாம் படிக்கணக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறேனே என்றாள். அவ்வளவு தூரம் போய், அத்தனை இடத்தையும் வாசலோடு பார்த்துவிட்டு வந்த ஒரே ஜென்மம் நீதான் என்றாள். ஒழுங்காகத் தேர்வை முடித்துவிட்டு, போய் ஏறி எண்ணிச் சொல் என்றாள். தவறிய தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா நடுவில் மூச்சு வாங்கியபோது பாப்பா, மாமாவுக்குத் தெரிந்தால் உனக்குத்தானே அவமானம் என்று முனகினாள்.

அந்தப் பக்கம் குரல் சட்டென்று இறங்கியது. "ரிசல்ட் வந்தப்ப அழுதியா?"

"ம்."

"எத்தனை நாளு?"

"நாலு."

"அந்த நாலு நாளும் நான் ஃபோன் பண்ணினேனே பாப்பா. சிரிச்சியே."

பாப்பா கையிலிருந்த தாளை மடித்தாள். அம்மா கத்தரியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அழுதா கூட்டிட்டு வந்துடறேன்னு சொன்னது உனக்குத் துணையா ஒரு வார்த்தை இருக்கட்டும்னுதான். அதை உனக்கே பூட்டா மாட்டிட்டேனா நான்?" என்றாள். கடையில் யாரோ வந்து படம் கேட்டார்கள். அரைமணி கழித்து வரச்சொல்லி அனுப்பினாள். இருபத்தைந்து வருஷத்தில் அம்மா ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதே இல்லை. வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு உத்தரவு போட்டாள். நாளைக்கும் படம் வர வேண்டும். எங்கே இருக்கிறாயோ, எப்படி இருக்கிறாயோ, அப்படியே.

மறுநாள் காலை பத்து மணிக்கு நூலக மேஜையில் உட்கார்ந்தபடி பாப்பா தானே எடுத்து அனுப்பினாள். சீவாத தலை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் பேனா மை, பின்னால் யாரோ ஒருவரின் தொங்கும் கோட்டு. வாரக்கணக்கில் தொடர்ந்து அணிந்து நைந்துபோன சாம்பல் ஸ்வெட்டர். சிரிக்க முயலவில்லை. அனுப்பிய பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அங்கே சாயங்காலம் ஆகிறது, காப்பி வந்திருக்கும், மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று மனம் மாமா வீட்டுக் கூடத்திலேயே நின்றது. ஒரே கணக்கை மூன்று தடவை போட்டு மூன்று விடை வந்தது.

ஒரு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். பாப்பா ஃபோனோடு படிக்கட்டுக்கு ஓடினாள்.

எல்லோரையும் வைத்துக்கொண்டு அம்மாவே சொல்லிவிட்டாளாம். பெண் ஒரு தாளில் தவறிவிட்டாள், நாளைக்கு மறுபடி எழுதுகிறாள், இத்தனை நாள் காட்டின படமெல்லாம் ஒரே நாளில் எடுத்தது, அழுதிருக்கிறாள், ஆனாலும் நான் கூட்டிக்கொண்டு வரப்போவதில்லை என்று. நின்றுகொண்டேதான் சொன்னாளாம். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள். மாமா கையமர்த்தியிருக்கிறார்.

"மாமா என்னம்மா சொன்னார்?"

"ஃபோனைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. புள்ள இளைச்சுப் போயிட்டாளேன்னாரு. அப்புறம் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தாங்க. இத்தனை வாரம் கோட்டையைப் பார்த்தாங்க, ஏரியைப் பார்த்தாங்க. இன்னிக்குத்தாண்டி உன்னைப் பார்த்தாங்க."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. பழக்கத்தில் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். படியேறி வந்த இருவர் அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்தார்கள். அவள் விக்கி விக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகச் சத்தம் போட்டே அழுதாள். அம்மா சமாதானம் சொல்லவில்லை. இருக்கிறேன், இருக்கிறேன் என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். அழுது முடிய பத்து நிமிஷம் ஆனது. பிறகு பாப்பா முகத்தை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு, வைக்கட்டுமா அம்மா, இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது என்றாள்.